எடிட்டருக்குள் ஒரு பிரவுசர்: ஈமாக்ஸின் முப்பது வருடத் தகராறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பிளேன்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் நாம் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுத்தான் கொடுக்கிறோம். இணையப் பக்கங்களைக் காட்டுவது பிரவுசர். எழுத்தை அடித்து, திருத்தி, சேமிப்பது டெக்ஸ்ட் எடிட்டர். வரைவிலக்கணம் முடிந்தது, புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால் இவை பிறக்கும்போது இப்படிப் பிரிந்து பிறக்கவில்லை. 1990ஆம் ஆண்டின் கடைசியில், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ் லீ எழுதிய முதலாவது பிரவுசர் ஓர் எடிட்டராகவும் இருந்தது. பக்கத்தை வாசிக்கும் அதே ஜன்னலில் புதிய பக்கம் எழுதலாம், இணைப்புக் கொடுக்கலாம். அது நெக்ஸ்ட் என்ற விலைகூடிய கணினியில் மட்டுமே ஓடியதால் மிகச் சிலர்தான் அதைக் கண்டார்கள். 1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் பிரவுசர் வந்து உலகமெங்கும் பரவியபோது வாசிப்பது மட்டும் மிஞ்சியது. எழுதும் பாதி கழன்று விழுந்துவிட்டது.

விழுந்த பாதியை வேறு சிலர் எதிர்ப்பக்கமிருந்து ஒட்டப் பார்த்தார்கள். பிரவுசருக்குள் எழுத முடியாவிட்டால் போகட்டும், நாம் எழுதும் இடத்துக்குள் பிரவுசரைக் கொண்டுவந்து வைப்போம் என்று கிளம்பினார்கள். ஈமாக்ஸ் என்ற எடிட்டருக்குள் அந்த வேலை முப்பது வருடங்களாக நடக்கிறது. இதுவரை குறிப்பிடத்தக்க நான்கு பிரவுசர்கள் அதற்குள் வந்துவிட்டன. நான்கிலும் நிறுவும்போது தகராறு வந்தது. தகராறு வந்த இடம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு. அந்த இடத்தை உற்றுப் பார்த்தால் அந்தப் பிரவுசர் யாருடைய தோளில் ஏறி நின்றது என்று விளங்கிவிடும். அதனால்தான் இந்தக் கதை எமக்குப் பிடிக்கும்.

முதலில் ஈமாக்ஸ் பற்றி. 1976இல் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில், டெக்கோ என்ற பழைய எடிட்டருக்கு எழுதிய கட்டளைத் தொகுப்பாக அது தொடங்கியது. ரிச்சர்ட் ஸ்டோல்மன் அதன் முக்கியமான ஆள். 1984இல் அவர் அதைத் தனது க்னூ திட்டத்துக்காக அடியிலிருந்து புதிதாக எழுதத் தொடங்கினார். அடுத்த வருடம் அதைக் காந்த நாடாவில் பதிந்து 150 டொலருக்குத் தபாலில் அனுப்பினார். வலையமைப்பு வசதி இருந்தவர்கள் காசில்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

ஈமாக்ஸின் உட்கரு சி மொழியில் எழுதப்பட்டது. அதற்கு மேலே இருப்பதில் பெரும்பகுதி லிஸ்ப் என்ற மொழியில் உள்ளது. எடிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த லிஸ்ப் பகுதியை நாமே மாற்றலாம். கார் ஓடும்போதே பொனட்டைத் திறந்து இன்ஜினில் கை வைப்பது போன்ற காரியம். அதனால் ஆளுக்காள் ஒவ்வொன்றைச் சேர்த்தார்கள். மின்னஞ்சல் வந்தது, செய்திக்குழு வாசிப்பான் வந்தது, நாட்காட்டி வந்தது, டெட்ரிஸ் விளையாட்டும் வந்தது. மனநல வைத்தியர் போலப் பேச்சுக்கொடுக்கும் ஒரு நிரல்கூட உண்டு. ஈமாக்ஸின் ஐந்து ஆங்கில எழுத்துகளுக்கும் ‘எட்டு மெகாபைட், ஓயாத இடமாற்றம்’ என்ற கருத்தில் ஒரு நையாண்டி விரிவாக்கம் வைத்திருந்தார்கள். எட்டு மெகாபைட் நினைவகம் அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய ஆடம்பரம். இன்று வட்ஸ்அப்பில் வந்து விழும் கல்யாண வீடியோ அதைவிடப் பெரியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈமாக்ஸின் கையேடுகளை வாசிக்க இன்ஃபோ என்றொரு பகுதி உண்டு. ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு வழியாகத் தாவலாம், திரும்பி வரலாம். வையவிரிவலை பிறப்பதற்கு முன்னரே அது இருந்தது. ஆகவே இணைப்பைத் தொட்டுத் தாவும் வாசிப்பு ஈமாக்ஸ்காரர்களுக்குப் புதினமில்லை. அந்த இணைப்பு வெளியூருக்கும் போக வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அந்தப் பாக்கியை முதலில் தீர்த்தவர் இந்தியானா பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் பெரி. 1993 அளவில் அவர் எழுதிய பிரவுசருக்கு டபிள்யூ3 என்று பெயர். அதன் விசேஷம், முழுவதும் ஈமாக்ஸின் லிஸ்ப் மொழியிலேயே எழுதப்பட்டது. சேர்வரோடு பேசுவது, வந்த எச்டிஎம்எல்லைப் பிரித்து அறிவது, படிவங்களை நிரப்பவிடுவது, அட்டவணையைக் கோடு போட்டுக் காட்டுவது எல்லாம் அதற்குள்ளேயே. ஈமாக்ஸ் இருந்தால் போதும்.

இப்படித் தன் காலிலேயே நின்ற பிரவுசருக்கு நிறுவும்போது என்ன கஷ்டம்? கோப்புகளை இறக்கி, அவிழ்த்து, லிஸ்ப் கோப்புகளைத் தொகுத்து, அவை இருக்கும் அடைவை ஈமாக்ஸின் தேடற் பட்டியலில் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் ‘கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்ற செய்திதான் வரும். அதோடு அப்போது ஈமாக்ஸ் இரண்டு குடும்பமாகப் பிரிந்திருந்தது. லூசிட் என்ற கம்பனியின் பதிப்பிலிருந்து வளர்ந்த எக்ஸ்ஈமாக்ஸ் ஒருபக்கம், ஸ்டோல்மனின் க்னூ ஈமாக்ஸ் மறுபக்கம். டபிள்யூ3 இரண்டிலும் ஓடும். ஆனால் ஒன்றில் தொகுத்த கோப்பை மற்றதற்குக் கொடுத்தால் ஓடாது. அண்ணன் தம்பி வீடு பிரித்த பிறகு ஒரு வீட்டுச் சாவி மற்ற வீட்டுக் கதவைத் திறக்காது, அந்த மாதிரி.

நிறுவிய பிறகு வந்த பிரச்சினை வேகம். ஈமாக்ஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். பெரிய அட்டவணையுள்ள பக்கமொன்றை டபிள்யூ3 வரைந்து முடிக்கும்வரை எடிட்டர் முழுவதும் உறைந்து நிற்கும். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தில் ஒரு கொம்மாகூடப் போட முடியாது. பாதுகாப்பான இணைப்பு இன்னொரு தலைவலி. தொண்ணூறுகளில் மறைகுறியாக்க மென்பொருளை அமெரிக்காவிலிருந்து வெளியே அனுப்பச் சட்டத்தடை இருந்தது. 2000ஆம் ஆண்டளவில்தான் அது தளர்ந்தது. டபிள்யூ3 அந்த வேலையை மட்டும் வெளியிலுள்ள தனி நிரலிடம் ஒப்படைத்தது. அந்த நிரலைத் தேடி நிறுவுவது பாவிப்பவரின் பொறுப்பு.

இத்தனை கஷ்டத்தோடும் அதை விடாமல் பாவித்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டி.வி. ராமன் இந்தியாவின் புனே நகரத்தவர். பதினான்கு வயதில் கிளொக்கோமா நோயால் பார்வை முற்றாகப் போனது. புனேயில் கணிதமும் மும்பை ஐஐடியில் கணினியியலும் படித்து, 1994இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகளைக் காதால் விளங்கும்படி வாசித்துக்காட்டும் மென்பொருள்தான் அவருடைய ஆய்வு. அதற்குத் தன் வழிகாட்டி நாயின் பெயரான ஆஸ்டர் என்பதையே வைத்தார். 1995இல் ஈமாக்ஸ்பீக் என்ற மென்பொருளை வெளியிட்டார்.

அந்தக் காலத்தில் பார்வையற்றோர் பாவித்த சாதாரணத் திரைவாசிப்பான், திரையில் இருப்பதை அப்படியே ஒப்புவித்தது. இது தலைப்பா, இணைப்பா, அட்டவணையின் எத்தனையாவது நிரல் என்பது அதற்குத் தெரிவது கடினமாக இருந்தது. இரண்டு நிரல்களில் அச்சான பத்திரிகையைக் குறுக்காக இழுத்து வாசித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ராமன் வேறு வழி எடுத்தார். ஈமாக்ஸின் லிஸ்ப் கட்டளைகளை வெளியிலிருந்து இடைமறிக்கலாம் என்பதால், ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்தது என்பதை அவருடைய நிரல் உள்ளிருந்தே அறிந்து பேசியது. டபிள்யூ3 பிரவுசரும் அதே லிஸ்ப் உலகத்துக்குள் இருந்தது. அதனால் பக்கத்தின் கட்டமைப்பு முழுவதும் ஈமாக்ஸ்பீக்கின் கைக்கு எட்டியது. தலைப்புக்கு ஒரு குரல், இணைப்புக்கு ஒரு குரல் என்று வேறுபடுத்திப் பேசியது.

பெரியின் டபிள்யூ3, சிஎஸ்எஸ் எனப்படும் பக்க அலங்கார விதிகளை மிக ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொண்ட பிரவுசர்களில் ஒன்று. இன்று எமது பிள்ளைகள் சிஎஸ்எஸ்ஸில் நிறமும் எழுத்தின் அளவும் கொடுக்கப் பழகுகிறார்கள். ராமனும் கிறிஸ் லில்லியும் அதற்குக் குரலின் விதிகளை எழுதினார்கள். எந்தப் பகுதியை எந்தக் குரலில், எவ்வளவு சத்தத்தில், எவ்வளவு இடைவெளி விட்டு வாசிப்பது என்பவை அவை. 1998இல் வெளிவந்த சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பில் செவிவழி விதிகளுக்கென்று தனி அத்தியாயமே இருந்தது. எடிட்டருக்குள் பிரவுசர் வைப்பது வேலையற்றவர்களின் விளையாட்டு என்று சிலர் சிரிப்பதுண்டு. அந்த அத்தியாயத்தைச் சோதித்துப் பார்க்க இடம் கொடுத்தது இந்த ‘விளையாட்டு’தான்.

2000க்குப் பிறகு டபிள்யூ3 தளர்ந்தது. வலைப் பக்கங்கள் கனத்துக்கொண்டே போயின, லிஸ்ப்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. அடுத்த வழி ஜப்பானிலிருந்து வந்தது.

அகினோரி இத்தோ என்பவர் 1995இல் எழுதத் தொடங்கிய டபிள்யூ3எம் என்ற சிறிய பிரவுசர் எழுத்து மட்டும் காட்டும் கறுப்புத் திரையில் ஓடும். வலையைப் பார்ப்பது என்று கருத்துவரும் ஜப்பானியத் தொடரின் சுருக்கம்தான் அந்தப் பெயர். சி மொழியில் எழுதப்பட்டதால் வேகம். அட்டவணைகளை ஒழுங்காக அடுக்கிக் காட்டுவதில் லிங்ஸ் போன்ற பழைய எழுத்துப் பிரவுசர்களை அது மிஞ்சியது. சில வருடங்களில் ஜப்பானிய ஈமாக்ஸ் பாவனையாளர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். பக்கத்தைக் கொண்டுவந்து அடுக்கும் பாரமான வேலையை டபிள்யூ3எம் செய்யட்டும், அது அடுக்கித் தருவதை ஈமாக்ஸ் வாங்கி நிறம் பூசி இணைப்புகளை உயிர்ப்பிக்கட்டும். அந்த லிஸ்ப் தொகுதிக்கு ஈமாக்ஸ்-டபிள்யூ3எம் என்று பெயர்.

பெயரிலேயே குழப்பம் ஆரம்பமானது. டபிள்யூ3எம் ஒன்று, ஈமாக்ஸ்-டபிள்யூ3எம் இன்னொன்று. இரண்டும் வேண்டும். பின்னதை மட்டும் நிறுவிவிட்டு, ‘நிரலைத் தேடினோம், அப்படியொரு கோப்பு இல்லை’ என்ற செய்தியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தவர்கள் ஏராளம். மக் கணினிக்காரர்களுக்கு இன்னும் வினோதமான அனுபவம். டபிள்யூ3எம் நிறுவியிருக்கும், கறுப்புத் திரையில் அழைத்தால் வரும், ஆனால் ஈமாக்ஸ் மட்டும் இல்லையென்று சாதிக்கும். காரணம் எளிது. நிரல்களை எந்தெந்த அடைவில் தேட வேண்டும் என்ற பட்டியலைக் கறுப்புத் திரை தன் அமைப்புக் கோப்பிலிருந்து எடுக்கிறது. சின்னத்தைத் தட்டித் திறந்த ஈமாக்ஸுக்கு அந்தப் பட்டியல் போய்ச்சேர்வதில்லை. ஊர் முழுக்கத் தெரிந்த கடையின் விலாசம் புதிதாக வந்த தபால்காரருக்குத் தெரியாதது போல. இந்த ஒரு கோளாறைச் சரிசெய்யவே பிறகு தனிப் பொதியொன்று எழுத வேண்டி வந்தது.

மூலத்திலிருந்து தொகுக்கப் பார்த்தவர்களுக்கு வேறு வினை. டபிள்யூ3எம்முக்கு நினைவகத்தைத் துப்புரவு செய்யும் போம் நூலகம் முன்கூட்டியே தேவை. அது இல்லையென்றால் தொகுப்பு பாதியில் நிற்கும். லிஸ்ப் பக்கத்திலோ 1.4.4 என்ற பதிப்பு நெடுங்காலம் கடைசி வெளியீடாகவே கிடந்தது. ஈமாக்ஸ் 23 வந்தபோது அந்தப் பழைய வெளியீடு பொருந்தவில்லை. லினக்ஸ் விநியோகங்கள் தந்த பொதியை நிறுவியவர்கள் பிழைச் செய்தியோடு நின்றார்கள். உருவாக்குநர்களின் களஞ்சியத்திலிருந்து நேரடியாக எடுத்தவர்களுக்கு ஒழுங்காக ஓடியது. புதியவர் ஒருவருக்கு இதை யார் சொல்லிக்கொடுப்பது?

ஜப்பானியர்கள் ஏன் இதில் இவ்வளவு உழைத்தார்கள்? மொழிதான் காரணம் என்பது எமது கணிப்பு. ஜப்பானிய எழுத்துக்கு அப்போது ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று குறியீட்டு முறைகள் புழக்கத்தில் இருந்தன. அந்தச் சிக்கலைத் தீர்க்கக் கெனிச்சி ஹண்டா என்பவரும் தோழர்களும் மியூல் என்ற பன்மொழி ஏற்பாட்டை உருவாக்கினார்கள். அது 1997இல் ஈமாக்ஸ் 20ஆம் பதிப்போடு இணைந்தது. அவர்களே பின்னர் எம்17என் என்ற நூலகத்தையும் உருவாக்கினார்கள். தமிழுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். கணினி அதைச் சேமிப்பது ககரம், பின் ஒகரக் குறி என்ற வரிசையில். திரையிலோ குறியின் ஒரு பாதி முன்னும் மறு பாதி பின்னும் நிற்க வேண்டும். 2009இல் வந்த ஈமாக்ஸ் 23இலிருந்து இந்தச் சேர்ப்பு வேலையை லினக்ஸில் எம்17என் செய்தது. அந்த நூலகம் இல்லாமல் தொகுத்த ஈமாக்ஸில் தமிழ்ப் பக்கம் திறந்தால் கொம்பும் காலும் இடம்மாறி, புள்ளிவட்டங்களோடு கிடக்கும். ஈமாக்ஸ் 27 (2020) தொடக்கம் ஹார்ஃபபஸ் என்ற நூலகம் அந்த வேலையைப் பொறுப்பேற்றது. லினக்ஸில் தமிழ் தட்டச்சு செய்பவர்கள் எம்17என்னை இன்றும் பாவிக்கிறார்கள். தமிழ்99 உண்டு, எமது நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஜப்பானில் இருந்துகொண்டு இதைச் செய்தவர்களை நாம் அறியாமலே பாவித்துக்கொண்டிருக்கிறோம்.

அரபுக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. வலமிருந்து இடமாகக் காட்டும் வசதி 2012இல் ஈமாக்ஸ் 24இல்தான் வந்தது. எலி சரெட்ஸ்கி பல வருடங்கள் உழைத்த வேலை அது. அதற்கு முன் அரபு வரி இடமிருந்து வலமாகவே அடுக்கப்பட்டது. வலப்பக்கமிருந்து வாசிக்கும் நமக்குக் கடைசி எழுத்துத்தான் முதலில் கண்ணில் படும். ஈமாக்ஸில் கன்ட்ரோல் விசையோடு எச் அழுத்தி, பிறகு தனியாக எச் அழுத்தினால் பல மொழிகளின் வாழ்த்துகள் அடங்கிய ஒரு கோப்புத் திறக்கும். அதில் தமிழுக்கு ‘வணக்கம்’ என்றும் அரபுக்கு ஸலாம் என்றும் இருக்கிறது. மொழிகள் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்க்க இதைவிட விரைவான சோதனை இல்லை.

மூன்றாவது பிரவுசர் மின்னஞ்சலின் வயிற்றிலிருந்து பிறந்தது. ஈமாக்ஸுக்குள் அஞ்சலும் செய்திக்குழுவும் வாசிக்கும் க்னஸ் என்ற பகுதியை வளர்த்தவர் நோர்வே நாட்டின் லார்ஸ் இங்கெப்ரிக்ட்சன். வெறும் எழுத்தாக வந்த மின்னஞ்சல்கள் எச்டிஎம்எல் சட்டை போட்டு வரத் தொடங்கியதும், அவற்றைக் காட்ட டபிள்யூ3 அல்லது டபிள்யூ3எம் வேண்டியிருந்தது. ஒரு கடிதம் வாசிக்க இத்தனை நிறுவலா என்று 2010இல் அவரே எச்டிஎம்எல்லைக் காட்டும் சிறிய லிஸ்ப் பகுதியொன்றை எழுதினார். அது கடிதங்களை நன்றாகவே காட்டியது. கடிதத்தைக் காட்டுவது பக்கத்தையும் காட்டாதா? அதன்மேல் முகவரிப் பட்டி, முன்பின் போகும் விசை, படிவம் ஆகியவற்றைச் சேர்த்தார். 2014 ஒக்டோபரில் வந்த ஈமாக்ஸ் 24.4இல் ஒரு முழுப் பிரவுசர் உள்ளேயே இருந்தது. பெயர் ஈயூ. அருவருப்பான எதையாவது பார்த்தால் ஆங்கிலத்தில் போடும் சத்தம் அது, நாம் ‘சீ’ என்பதுபோல. ஈமாக்ஸ்காரர்களின் நகைச்சுவை அப்படி.

ஈயூவுக்குத் தனி நிறுவல் கிடையாது. அப்படியானால் தகராறும் போய்விட்டதா? அது ஈமாக்ஸைத் தொகுக்கும் கட்டத்துக்கு இடம்மாறியது. எச்டிஎம்எல்லைப் பிரிக்கும் பாரமான வேலையை இம்முறை லிப்எக்ஸ்எம்எல்2 என்ற சி நூலகம் செய்கிறது. ஈமாக்ஸைத் தொகுத்தவர் அதைச் சேர்க்காவிட்டால் பிரவுசர் இருந்தும் பக்கம் திறக்காது. பாதுகாப்பான இணைப்புக்கு க்னூடிஎல்எஸ் நூலகம் வேண்டும். விண்டோஸுக்கான அன்றைய ஈமாக்ஸ் பொதிகளில் இந்த நூலகங்கள் அடங்கவில்லை. வேறிடத்தில் தேடி இறக்கி, சரியான கோப்புறையில் போட வேண்டும். 32 பிட், 64 பிட் மாறினால் அதுவும் ஓடாது.

பில் பெரியின் டபிள்யூ3 மறைந்துபோனது என்றோமே, முழுவதும் மறையவில்லை. முகவரியை அறிந்து சேர்வரிடம் போய்ப் பக்கத்தை வாங்கிவரும் பகுதியை அவர் தனியாகப் பிரித்து வைத்திருந்தார். யூஆர்எல் என்ற அந்தத் தொகுதி 2007இல் ஈமாக்ஸ் 22இல் நிரந்தரமாகச் சேர்க்கப்பட்டது. இன்று ஈயூவில் ஒரு பக்கம் திறந்தால் அதைக் கொண்டுவந்து தருவது அதுவேதான். கோப்பின் தலைப்பில் ஆசிரியர் என்ற இடத்தில் பெரியின் பெயர் அப்படியே இருக்கிறது. வீட்டை இடித்துக் கட்டியவர்கள் பழைய தண்ணீர்க் குழாயை மட்டும் மாற்றவில்லை.

நான்காவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜோகிம் வெரோனா என்பவரின் முயற்சியால், 2016இல் வந்த ஈமாக்ஸ் 25இல் வெப்கிட் என்ற முழுமையான பிரவுசர் இயந்திரத்தையே எடிட்டரின் ஜன்னலுக்குள் பதிக்கும் வசதி வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடும், வீடியோ ஓடும். ஆனால் தொகுக்கும்போதே அதற்கான தெரிவைக் கேட்டுப் பெற்றிருக்க வேண்டும். கேட்காவிட்டால் ‘உங்கள் ஈமாக்ஸ் இந்த வசதியோடு தொகுக்கப்படவில்லை’ என்பதே பதில். எமது பார்வையில் இது எடிட்டருக்குள் பிரவுசர் வந்ததாகாது. எடிட்டரின் சுவரில் ஓட்டை போட்டு அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியைப் பார்ப்பதுதான். ஈமாக்ஸின் சாதாரணக் கட்டளைகளால் அந்தப் பக்கத்தின் எழுத்தை உள்ளிருந்து தொட முடியாது. ராமனின் ஈமாக்ஸ்பீக் இன்று ஈயூவோடு இணைந்து வேலை செய்வதற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

இப்போது எமக்குக் கவலை தரும் பகுதிக்கு வருவோம். 1993இல் ஒரு வலைப்பக்கம் என்றால் அது ஓர் ஆவணம். சேர்வர் அனுப்புவது எழுத்து, பிரவுசர் அதைக் காட்டும். 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கினார். முதலில் அது படிவங்களைச் சரிபார்க்கும் சின்னச் சின்ன வேலைகளுக்குத்தான். இன்று பல தளங்களில் சேர்வர் அனுப்புவது வெறும் சட்டகம் ஒன்றும் ஒரு பெரிய நிரலும்தான். நிரல் ஓடிய பிறகுதான் எழுத்து வரும். நிரலை ஓட்டாத ஈயூவில் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம், அல்லது ஜாவாஸ்கிரிப்டை இயக்குங்கள் என்று ஒரு வரி.

வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவதுண்டு. ஒரே செய்தித்தளத்தை குரோமிலும் ஈயூவிலும் திறக்கச் சொல்வோம். ‘சேர், இது பழுதாப் போச்சு’ என்பார்கள். பழுதில்லை மகன், அவர்கள் அனுப்பிய செய்தியே இவ்வளவுதான், மீதி உங்கள் கணினி உழைத்துச் செய்ய வேண்டியது என்று விளக்க வேண்டும். வெறும் எழுத்தாக வந்தால் சில கிலோபைட்டில் முடிந்திருக்கும் செய்தி அது. மாதக் கடைசியில் டேட்டா எண்ணிப் பாவிக்கும் வீட்டுக்கு அந்த வித்தியாசம் காசு. பழைய கணினிகள் உள்ள ஆய்வுகூடத்துக்கு அது காத்திருப்பு. கண் தெரியாத பிள்ளைக்கோ சில தளங்களில் கதவே இல்லை. ஸ்டோல்மன் பல வருடங்களாகத் தன் கணினியிலிருந்து வலையை நேரடியாகப் பார்ப்பதையே தவிர்த்தவர். ஒரு நிரலுக்கு மின்னஞ்சலில் முகவரியை அனுப்புவார், அது பக்கத்தை எடுத்து அவருக்கு அஞ்சலில் அனுப்பிவைக்கும். அதை ஒரு கிறுக்கு என்று நாமும்தான் நினைத்தோம். ஆனால் அப்படி அஞ்சலில் போகக்கூடிய பக்கம்தான் ராமனின் நிரலாலும் வாசிக்கக்கூடிய பக்கம்.

முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கொஞ்சம். லினக்ஸ் விநியோகத்தின் பொதியிலிருந்து ஈமாக்ஸை நிறுவினால் தேவையான நூலகங்கள் பெரும்பாலும் கூடவே வரும். 27 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பாகப் பாருங்கள், தமிழ் ஒழுங்காக வரும். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் குற்றம் ஈமாக்ஸில் இல்லை, தமிழ் எழுத்துரு இல்லை. ஓல்ட் விசையோடு எக்ஸ் அழுத்தி, ஈ டபிள்யூ டபிள்யூ என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் முகவரி கேட்கும். பக்கம் வந்ததும் பெரிய ஆர் அழுத்தினால் விளம்பரமும் பட்டியலும் கழிந்து கட்டுரை மட்டும் நிற்கும்.

சான்றிதழ் சரியில்லை என்று எல்லாத் தளத்துக்கும் எச்சரிக்கை வந்தால் நூலகங்களைத் தேடி ஓட முன் கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் சிறிய பேட்டரி செத்துப்போனால் ஒவ்வொரு முறையும் திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அந்தத் திகதிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பாதுகாப்பற்ற பழைய முகவரி திறந்து, பாதுகாப்பான முகவரி மட்டும் திறக்காவிட்டால் அடுத்து சந்தேகிக்க வேண்டியது க்னூடிஎல்எஸ். எதுவுமே திறக்காமல் லிப்எக்ஸ்எம்எல் என்ற பெயரோடு செய்தி வந்தால் வேறு பொதியை நிறுவுவதே சுகம். பிழைச் செய்தி எதுவுமில்லாமல் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தால் ஆம்பர்சன்ட் குறியைத் தட்டுங்கள், அந்தப் பக்கம் வெளியிலுள்ள வழமையான பிரவுசரில் திறக்கும்.

எந்த இடத்தில் நின்றது, என்ன செய்தி வந்தது என்று அப்படியே எழுதி அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.